ஸ்டாக் பிளாஸ்டரில் இன்னும் நாலு குதிரை ஏற்ற முடியுமா?

மேட்டுநிலம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா பிளாஸ்டர் 200, கட்டைவிரலால் த்ராட்டிலை அமுக்கி ஓட்டும் நாலு சக்கர ஏடிவி. டூ ஸ்ட்ரோக், 195 சிசி, ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர், உதைத்து ஸ்டார்ட் செய்வது. செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது.

இன்ஜினில் நான் எதையும் தொடவில்லை. முன்பு வைத்திருந்தவர் ஏர் பாக்ஸ் மூடியை எடுத்துவிட்டிருக்கிறார், உள்ளே நுரை ஃபில்டர் மட்டும் இருக்கிறது. ஆயில் பம்ப்பையும் கழற்றி அடைத்திருக்கிறார். அதனால் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிறேன், 32க்கு 1. மற்றபடி பைப், ஹெட், கார்புரேட்டர் எல்லாம் ஸ்டாக், அதாவது கம்பெனியில் வந்தவைதான்.

பிரச்சினை ஒரு மணல் மேடு. நண்பனிடம் ஃபோர் ஸ்ட்ரோக் 250 இருக்கிறது. கீழேயிருந்து இருவரும் ஒன்றாகக் கிளம்பினால் இரண்டாவது கியர் வரை நான்தான் முன்னால். மூன்றாவது போட்டதும் என் வண்டி பெருமூச்சு விடும். அவன் சத்தம்கூட மாறாமல் தாண்டிப் போவான், போகும்போது திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டுவான். அந்தக் கையாட்டல்தான் தாங்கவில்லை.

பெரிய போர் (சிலிண்டர் விட்டம்), நீள ஸ்ட்ரோக் கிராங்க் என்றெல்லாம் இறங்க விருப்பமில்லை. நாலைந்து குதிரைத்திறன் கூடினால் போதும். எக்ஸ்பேன்ஷன் சேம்பர் பைப் (வயிறு பருத்த புகைக்குழாய்), ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்), ஹெட்டை லேத்தில் கொடுத்துக் குறைப்பது என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு நண்பன் எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, அரம் போட்டு உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை அரத்தோடு வந்து நிற்பான் போலிருக்கிறது. அதற்குள் யாராவது சொல்லுங்கள், எதில் தொடங்குவது? கீழ் சுற்றில் இருக்கும் இழுவை போய்விடக் கூடாது.

நீலப்புகை எழுதியது:

பைப், ரீட் கேஜ் (ரீட் இதழ்களைத் தாங்கும் கூடு), அதற்கேற்ற பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு). இரண்டு மணி நேர வேலை சகோ. நான் அதைத்தான் செய்தேன், வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது. அரத்தை மட்டும் எங்காவது ஒளித்து வையுங்கள்.

பழையபிஸ்டன் எழுதியது:

தம்பி, நீலப்புகை சொன்னது தப்பில்லை. ஆனால் அதே இரண்டு மணி நேர வேலையை நானும் ஒருமுறை செய்தேன். அதற்கப்புறம் வண்டி சரியாக நாற்பது நிமிடம் ஓடியது.

பைப் மாட்டினேன், மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். காந்தச் சக்கரப் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் காய்ந்து போயிருந்தது எனக்குத் தெரியாது. அந்த வழியாகக் கிராங்க் கேஸ் திருட்டுத்தனமாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நீளமான ஒரு சமவெளியில் கட்டைவிரலை முழுக்க அமுக்கிப் பிடித்தேன். அடேயப்பா, வண்டி அப்படி ஒருநாளும் ஓடியதில்லை! அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, லீனாக, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்து, ஓடும் டூ ஸ்ட்ரோக்குக்கு அது அப்படியே பொருந்தும். கீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நாலு கோடு, பூனை பிறாண்டியது போல.

ஆகவே பொருள் எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் இன்ஜினில் ஏற்கெனவே இருக்க வேண்டிய குதிரை இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் இரண்டு மூன்று குதிரை எங்கேயாவது ஒழுகிப் போயிருக்கும். அதைத் திரும்பப் பிடிப்பது பைப்பைவிடச் சுலபம்.

கம்ப்ரஷன் பாருங்கள். கம்ப்ரஷன் அளக்கும் கேஜை பிளக் ஓட்டையில் திருகி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். த்ராட்டிலைத் திறக்காமல் உதைத்துவிட்டு எழுபதுதான் காட்டுகிறது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஸ்டாக் ஹெட்டில் 120 பிஎஸ்ஐ அக்கம்பக்கம் வந்தால் நல்லது. நூறுக்குக் கீழே என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது போர், அல்லது இரண்டும். கேஜுக்குக் கேஜ் கொஞ்சம் மாறும், அதனால் கடைசிவரை ஒரே கேஜை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்ஜினுக்குள் காற்றை அடைத்துக் கசிகிறதா என்று பார்ப்பது. இது நிறையப் பேர் செய்யாத வேலை, என் பிஸ்டன் போனதும் இதைச் செய்யாததால்தான். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்ப் அல்லது கைப்பம்பால் உள்ளே 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், சீல் வெளியே தள்ளிவிடும். ஆறு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவித் தேடுங்கள்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், ரீட் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், காந்தப் பக்கத்துச் சீல். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் அங்கே நுரை வராது, கியர் ஆயில் ஊற்றும் ஓட்டையில் காற்று வருவது தெரியும். அந்தச் சீல் போன வண்டி கியர் ஆயிலைக் குடித்து வெள்ளையாகப் புகைக்கும்.

இன்னும் சில: ரீட் இதழ்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முனை உடைந்திருந்தால், விரிசல் இருந்தால், மூடியபின் வெளிச்சம் கசிந்தால் மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் பைப் தொடங்கும் இடத்திலும் கரி அப்பியிருக்கும், சுரண்டுங்கள். சைலன்சர் பஞ்சு ஆயிலில் ஊறிப் போயிருந்தால் புதிது வையுங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசிக்கொண்டே இருந்தால் இன்ஜினில் எத்தனை குதிரை ஏற்றினாலும் அதற்குத்தான் தீனி. அப்புறம், இந்த வண்டியில் பார்க்கிங் பிரேக் லீவரோடும் த்ராட்டிலோடும் சேர்ந்து சுற்றைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள் இருக்கும். அவற்றின் தொடர்பு மோசமானால் இன்ஜின் பாதியில் தடுக்கும், நாம் ஜெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். த்ராட்டில் சிக்கிக்கொண்டால் காப்பாற்றுவது அந்தச் சுவிட்ச்தான், வெட்டி எறியாமல் சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஏர் பாக்ஸ் மூடி இல்லை என்றீர்கள். அதற்கேற்ப ஜெட் மாற்றியிருக்கிறாரா? கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட்டில் என்ன எண் அடித்திருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். அதுவரை முழு த்ராட்டில் வேண்டாம்.

மேட்டுநிலம் எழுதியது:

அண்ணா, படித்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

கம்ப்ரஷன் 96. மூன்று முறை உதைத்தேன், 96, 95, 96.

காற்று ஒன்றரை நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கார்புரேட்டர் ரப்பரின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. சோப்பு நுரை அங்கே கொப்பளித்தது. சீல்கள் இரண்டும் பிழைத்தன.

மெயின் ஜெட்டில் 230 என்று இருக்கிறது. ரீட் இதழில் ஒன்றின் மூலை இல்லை. எங்கே போனது என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பழையபிஸ்டன் எழுதியது:

230 என்பது மூடி இருக்கும் வண்டிக்குக் கம்பெனி போட்ட ஜெட். மூடியை எடுத்தவர் காற்றைக் கூட்டினார், பெட்ரோலைக் கூட்டவில்லை. ரப்பர் வெடிப்பு அதற்கு மேல் இன்னும் காற்றை விட்டிருக்கிறது. எட்டு மாதம் அது உயிரோடு இருந்ததே அதிசயம். மூன்றாவது கியரில் விட்ட பெருமூச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான். ரீட் துண்டு போன இடம் பைப்பாக இருக்கும், சிலிண்டரைப் பிரிக்கும்போது கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும். பிரித்ததும் அளந்து பாருங்கள். இந்த இன்ஜினின் ஸ்டாக் போர் 66 மிமீ. தேய்ந்திருந்தால் அடுத்த அளவுக்குப் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் வைக்க வேண்டும், 66.25, 66.50 என்று கால் மில்லி படியில் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டதும் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும், அவற்றைச் சன்னமாகச் சாய்த்துவிடச் சொல்ல மறக்காதீர்கள். எனக்குப் போர் போட்டவர் அதைச் செய்யவில்லை, நானும் பார்க்கவில்லை. ரிங் முதல் நாளே போர்ட்டில் மாட்டி ஒடிந்தது. ரிங்கை வெறும் சிலிண்டரில் இறக்கி அதன் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள், பிஸ்டனோடு வரும் தாளில் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும்.

சிலிண்டர் வெளியே இருக்கும்போதே ஹெட் விஷயத்தையும் பேசிவிடலாம், ஏனென்றால் நீங்கள் கேட்ட குதிரை அங்கே கொஞ்சம் இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஸ்க்விஷ் என்பார்கள். அது நெருக்கமாக இருந்தால் ஓரத்தில் இருக்கும் கலவை நடுவுக்குப் பீய்ச்சி அடிக்கப்பட்டு வேகமாக எரியும். அகலமாக இருந்தால் ஓரத்தில் தேங்கி நின்று கடைசியில் தானாக வெடிக்கும், அதுதான் டெட்டனேஷன். கம்பெனிகள் பத்திரத்துக்காக இதைத் தாராளமாக விட்டுவிடுவது வழக்கம்.

அளப்பதற்குப் பற்றவைக்கும் ஈயக்கம்பி போதும். இரண்டு துண்டைக் கிரீஸ் வைத்துப் பிஸ்டன் மேல் ஒட்டுங்கள், பிஸ்டன் பின் போகும் திசையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் ஆடித் தப்பு அளவு தரும். ஹெட்டை முறுக்கி, கிக்கரைக் கையால் மெதுவாக ஒரு சுற்று. நசுங்கிய கம்பியை அளந்து எழுதுங்கள்.

மேட்டுநிலம் எழுதியது:

ஈயக்கம்பி இரண்டு பக்கமும் 1.6 மிமீ. நல்லவேளை, சிலிண்டரில் ரீட் போட்ட கோடு இல்லை. ஆனால் போர் தேய்ந்திருக்கிறது, 66.50 பிஸ்டன் சொல்லிவிட்டேன். ஹெட்டின் முகத்தை 0.4 அளவுக்கு அப்படியே லேத்தில் சீவினால் 1.2 வந்துவிடுமல்லவா?

பழையபிஸ்டன் எழுதியது:

வரும், ஆனால் அவசரப்படாதீர்கள். 66 போரில் 0.4 மிமீ என்றால் ஏறக்குறைய 1.4 சிசி எரிஅறை குறைகிறது. இவ்வளவு சின்ன இன்ஜினில் அது கேஜில் தெரியும். உங்கள் ஹெட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை, துடுப்பும் காற்றும்தான். மணலில் மெதுவாகப் போகும்போது அந்தக் காற்றும் கிடையாது. ஹெட்டை லேத்தில் போடுகிறவரிடம் ஸ்க்விஷ் ஓரத்தின் சாய்வையும் பிஸ்டன் தலையின் வளைவுக்கு ஒத்துப்போகும்படி வெட்டச் சொல்லுங்கள். நடுக்கிண்ணத்திலும் கொஞ்சம் எடுத்துவிடலாம், அப்போது ஸ்க்விஷ் நெருங்கும், கம்ப்ரஷன் மட்டும் அளவுக்கு மேல் ஏறாது. 1.2இல் நில்லுங்கள். உதைத்தால் 140 சுற்றி வந்தால் சாதாரண பெட்ரோலிலேயே நிம்மதியாக ஓடும். 160ஐத் தாண்டினால் ஆக்டேன் கூடிய பெட்ரோல் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஹெட் வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: கீழ் சுற்று, நடு, மேல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொடுக்கும். பைப் அப்படி இல்லை, ஒரு இடத்தில் கொடுத்து இன்னொரு இடத்தில் வாங்கிக்கொள்ளும்.

பைப்பைப் பற்றி நீலப்புகை சொன்னதற்கு இப்போது வருகிறேன். உங்கள் ஸ்டாக் பைப்பும் எக்ஸ்பேன்ஷன் சேம்பர்தான், சத்தமும் செலவும் குறைவாக இருக்கும்படி செய்தது. போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடும். விரியும் கூம்பைத் தொட்டதும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரிலிருந்து எரிந்த வாயுவை இழுத்து, பின்னாலேயே புதுக் கலவையையும் மேலே இழுக்கும். கொஞ்சம் கலவை பைப்புக்குள்ளேயே வந்துவிடும். அந்த நேரம் பார்த்து, குறுகும் கூம்பில் மோதித் திரும்பிய இன்னொரு அழுத்த அலை வந்து, வெளியே வந்ததைத் திரும்பச் சிலிண்டருக்குள் திணிக்க, போர்ட் மூடிக்கொள்ளும். காசில்லாத சூப்பர் சார்ஜர்! ஆனால் அலை தன் வேகத்தில்தான் ஓடும், நமக்காகக் காத்திருக்காது. சூடான வாயுவில் வினாடிக்கு ஏறக்குறைய 518 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். கிராங்க் ஒரு சுற்றில் 190 டிகிரி திரும்பும்வரை போர்ட் திறந்திருக்கும் என்றால், நிமிடத்துக்கு 8,000 சுற்றில் அலை சரியாகத் திரும்பிவர பிஸ்டன் முகத்திலிருந்து 1,025 மிமீ நீளம் வேண்டும். 9,000 சுற்றுக்கு 910. பைப்பின் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், எந்தச் சுற்றுக்காகச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். கீழ் இழுவை வேண்டும் என்கிறவருக்கு நீளமானது.

இதை முறையாகப் படித்தவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. அந்த வருஷமே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பியோடி சுஸுகியில் சேர, வித்தையும் கூடவே போனது. அந்தக் கணக்குப்படி உங்கள் 195 சிசிக்கு 39 வர வேண்டும். வரும், 10,000 சுற்றுக்கு மேல், கீழே ஒன்றுமில்லாமல். உங்கள் மணல் மேட்டில் அந்த வண்டி கிளம்பவே கிளம்பாது. இது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

சங்கிலி_பற்சக்கரம் எழுதியது:

இவ்வளவு பேசியும் யாரும் பற்சக்கரத்தைச் சொல்லவில்லையே. மூன்றாவது கியரில் தொங்குகிறது என்றால் அந்தக் கியர் அந்த மேட்டுக்கு நீளம் என்று அர்த்தம். ஸ்டாக்கில் முன்னால் 13 பல், பின்னால் 40. முன்னால் 12 போட்டால் பின்சக்கரத்துக்குப் போகும் முறுக்கு 8 சதவீதம் கூடும். அரை மணி நேர வேலை, இன்ஜினைத் தொடவே வேண்டாம். உச்ச வேகத்தில் அதே 8 சதவீதம் குறையும், மேட்டில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? பின் டயரின் அளவையும் பாருங்கள், உயரமான டயர் போட்டிருந்தால் அதுவும் கியரை நீட்டும்.

பழையபிஸ்டன் எழுதியது:

அது குதிரைத்திறன் இல்லை, இருக்கும் குதிரையைச் சரியான வண்டியில் பூட்டுவது. ஆனாலும் முழுக்கச் சரி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இன்ஜின் பைத்தியத்தில் விட்டுவிட்டேன். ஆனால் கடைசியில் செய்யுங்கள் தம்பி. இப்போதே மாற்றினால் எது எவ்வளவு கொடுத்தது என்று தெரியாது.

நீலப்புகை எழுதியது:

போர்ட்டிங் பற்றி யாரும் சொல்லவில்லை. சிலிண்டர் வெளியேதானே இருக்கிறது, எக்ஸாஸ்ட்டை ஒரு மில்லி உயர்த்தினால் என்ன? நான்தான் அரத்தை ஒளிக்கச் சொன்னேன், இப்போது எனக்கே ஆசை வருகிறது.

பழையபிஸ்டன் எழுதியது:

ஒரு மில்லி என்பது கேட்கத்தான் சின்னது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு உயர்ந்தால் அது சீக்கிரம் திறக்கும், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறையும். கீழ் சுற்றில் அந்த நஷ்டம் அப்படியே தெரியும். மேல் சுற்றில்தான் லாபம். அதே முறுக்குவிசையை 7,000இல் கொடுக்காமல் 8,000இல் கொடுத்தால் குதிரைத்திறன் ஏழில் ஒரு பங்கு கூடிவிடும், காகிதத்தில். அவர் கேட்டது கீழ் இழுவை போகக் கூடாது என்று. அதோடு, சேர்த்த பொருளைக் கழற்றிவிடலாம், அரம் தின்ற இரும்பு திரும்பி வராது. கைகளால் வழவழவென்று தேய்த்து ஒட்டுகிற கேஸ்கெட் ஓரங்களை நேர்ப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளட்டும் அந்த நண்பர்.

இக்னிஷன் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி முன்னால் தள்ளுவதும் உண்டு, கீழும் நடுவும் கூர்மையாகும். ஏர் கூல்டு வண்டியில், புதுக் கம்ப்ரஷனோடு சேர்த்து, நான் செய்ய மாட்டேன்.

ஜெட்டுக்கு வருவோம், எல்லாமே இதில்தான் நிற்கிறது. பெரிதிலிருந்து சிறியதுக்கு இறங்குங்கள், ஒருபோதும் கீழிருந்து மேலே ஏறாதீர்கள். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருந்தால் வண்டி மேல் சுற்றில் பொடபொடவென்று விக்கும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் பிஸ்டன் போகும். 300இல் தொடங்குங்கள். த்ராட்டில் லீவரிலும் அதன் கூட்டிலும் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், காலிலிருந்து முக்கால் வரை கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் விக்குகிறது என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். த்ராட்டிலை விட்டபின் சுற்று உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால் லீன், அல்லது மறுபடி எங்கேயோ காற்று கசிகிறது.

முடிவு எடுப்பது பிளக்கை வைத்து. புதுப் பிளக் போட்டு, சூடான இன்ஜினோடு நாலாவது ஐந்தாவது கியரில் முழு த்ராட்டிலில் நீளமாக ஓடி, அப்படியே கில் சுவிட்சை அமுக்கிக் கிளட்சைப் பிடித்து நில்லுங்கள். ஐடில் ஆக விட்டால் நிறம் கெட்டுவிடும். பீங்கானின் நுனியைப் பார்க்காதீர்கள், ஆழத்தில் அது உலோகத்தோடு சேரும் இடத்தில் ஒரு காப்பி நிற வளையம் தெரிய வேண்டும். வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடனே பெரிய ஜெட். சின்னச் சின்ன அலுமினியப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள், டெட்டனேஷன்.

ஆயிலைக் கூட்டினால் பத்திரம் என்று நினைத்து 20க்கு 1 ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், கலவை லீன் ஆகும். 32க்கு 1 என்றால் ஐந்து லிட்டருக்கு 156 மில்லி. அளவுக் குவளை வைத்து ஊற்றுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்டாப்வாட்ச். மேட்டில் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல் வரை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து ஓட்டம். காதை நம்பாதீர்கள், சத்தம் கூடிய வண்டி எப்போதும் வேகமாகப் போவது போலத்தான் இருக்கும்.

மேட்டுநிலம் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இப்போது கணக்கு இதோ. அடிவாரத்துப் பாறையிலிருந்து உச்சிக் கம்பம் வரை, ஐந்து ஓட்டத்தின் சராசரி.

பழைய நிலையில் நான் நேரம் பார்க்கவில்லை. அதனால் வெடித்த ரப்பரை மாற்றி, ஜெட் பெரிதாக்கி, ஆனால் பழைய பிஸ்டனோடு, முழுக்க அமுக்காமல் முக்கால் த்ராட்டிலில் எடுத்தது 14.2 வினாடி. இது நியாயமான ஒப்பீடு இல்லை என்று தெரியும்.

புதுப் பிஸ்டன், போர், ரீட் இதழ், 1.2 ஸ்க்விஷ். கம்ப்ரஷன் 138. பழக்கி முடித்தபின் முழு த்ராட்டிலில் 12.3. ஸ்டாக் பைப்போடுதான் இது. அண்ணா, உண்மையைச் சொன்னால் இங்கேயே நிறுத்திவிடலாம் போலிருந்தது. கிக் அடிக்கும்போதே கால் சொல்கிறது இது வேறு இன்ஜின் என்று.

நடுச் சுற்றுக்கென்று செய்த பைப் ஒன்று மாட்டினேன். 300 ஜெட்டில் முதல் நாள் 12.4, ஒரு வித்தியாசமும் இல்லை, மேலே விக்கிக்கொண்டே இருந்தது. பைப்பைத் திட்டினேன். அப்புறம் 290 போட்டதும் 11.6. ஒரே ஒரு ஜெட்!

12 பல் போட்டேன், 11.2. ஆனால் இப்போது முதல் கியர் கிட்டத்தட்ட உபயோகமே இல்லை, போட்டதும் முடிந்துவிடுகிறது. இரண்டாவதிலேயே கிளம்புகிறேன். சங்கிலி தளர்ந்துவிட்டது, அதையும் இழுத்துக் கட்டினேன்.

நண்பனோடு மூன்று முறை ஏறினேன். முதல் தடவை நான் கியர் தவறவிட்டேன். இரண்டாவது தடவை உச்சியில் அரை வண்டி நீளம் முன்னால். மூன்றாவது தடவை அவன் கிளம்பவில்லை, டயரில் காற்று சரியில்லை என்றான்.

ஒரு சந்தேகம் மிச்சம். 290இல் பிளக் வளையம் காப்பி நிறம்தான், ஆனால் விடிகாலைக் குளிரில் ஓட்டினால் கொஞ்சம் வெளுக்கிறது. 300க்குப் போய்விடவா, அல்லது ஊசியை ஒரு படி உயர்த்தினால் போதுமா?

பழையபிஸ்டன் எழுதியது:

குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் வெளுக்கிறது. முழு த்ராட்டிலில் வெளுத்தால் ஊசி உதவாது, அது மெயின் ஜெட்டின் வேலை. விடிகாலையில் ஓட்டும் நாளுக்கு 300 போடுங்கள், வெயில் ஏறினால் 290. கிண்ணத்தின் அடியில் உள்ள பெரிய நட்டைக் கழற்றினாலே ஜெட் கைக்கு வந்துவிடும், கார்புரேட்டரை இறக்க வேண்டாம். இரண்டு ஜெட்டையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பருடைய டயரில் என்ன காற்று இருந்தது என்று பார்த்தீர்களா?

மேட்டுநிலம் எழுதியது:

பார்த்தேன் அண்ணா. சரியாகத்தான் இருந்தது.